ஓவர் கிலோவுக்கு ஒரு வாக்கியம்

நடந்தவை, வரிசைப்படி:

1. ‘ஓவர்’ என்று தொடங்கி, அளவுக்கு மிஞ்சியதைக் குறிக்கும் பத்து ஆங்கிலச் சொற்களை எழுதி வரச் சொன்னார் டீச்சர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். அது எங்கள் வீட்டில் நடந்த உண்மையாக இருக்க வேண்டும்.
2. எனக்கு ஒன்பது முடிந்தது. பத்தாவதற்குச் சொல் இருந்தது, உண்மை இல்லை.
3. அம்மாவின் பால் வாளியில் பதினொரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினேன்.
4. அம்மாவுக்குப் பேசி வைத்திருந்த வேலை சித்திக்குப் போனது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். நான் ஆறாம் ஆண்டு. ஓவர்லோட், ஓவர்ஹீட், ஓவர்ஸ்பீட் மூன்றையும் லொறி ஓட்டும் மாமா ஒரே மூச்சில் தந்தார். மூன்றுமே அவர் லொறிக்கு நடந்தவை என்பதால் வாக்கியத்துக்கும் குறைவில்லை. ஓவர்டைம் பெக்டரியிலிருந்து வந்தது. மற்றதையும் அங்கே இங்கே கேட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

பத்தாவது சொல் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பால் என்று தோட்டத்தில் ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் வந்தால் ஓவர் கிலோ. அடுத்த காம்பராவில் இருந்த சித்தி வேலை விட்டு வரும்போதே வாசலில் நின்று அறிவிப்பார்.

“அக்கோவ், இன்னைக்கும் நமக்கு ஓவர் கிலோ! உங்களுக்கு?”

“எனக்கு ஓவர் மூட்டு வலி,” என்பார் அம்மா. சித்தி சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன்.

அம்மாவின் முழங்கால் அந்த வருடம் வீங்கியிருந்தது. மலை ஏறி ஏறி ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியவில்லை. பால் ஸ்டோரில் வாளி கழுவி, பாலை வடிகட்டும் அக்கா விலகப் போவதாகவும், அந்த இடத்தை அம்மாவுக்குக் கொடுக்க ஸ்டோர் ஐயா நினைத்திருப்பதாகவும் பேச்சு இருந்தது. சரிவு இல்லை, தலைக்கு மேல் கூரை உண்டு. அதைப் பற்றிப் பேசும்போது அம்மா தன் முழங்காலைத் தானே தட்டிக்கொடுப்பார். நிறையப் பால் கொண்டு வருகிறவருக்குத்தான் அந்த வேலை கிடைக்கும் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை, தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டு போனேன். சேர்த்த பாலைத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடைசி வரிசைப் பாலை எடுக்க அம்மா மேலே ஏறினார்.

“இலை கிலை விழாம பாத்துக்க. கைய வச்சிராத.”

பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பழைய பால் சிரட்டை கிடந்தது. ஒன்று ஊற்றிப் பார்த்தேன். பாலுக்குள் போன தண்ணீர் பாலாகவே தெரிந்தது. எண்ணி எண்ணிப் பதினொன்று ஊற்றி, ஒரு குச்சியால் கலக்கினேன். அம்மா வந்து வாளியைத் தூக்கியபோது ஒரு கணம் நின்றார். பிறகு ஸ்டோரைப் பார்த்து நடந்தார்.

ஸ்டோரில் வாளி தராசில் ஏறியது. முள் நன்றாகவே நகர்ந்தது. அடுத்து ஐயா கொஞ்சம் பாலை நீளமான பாத்திரத்தில் ஊற்றி, கண்ணாடிக் கருவியை மிதக்க விட்டார். அது மற்றவர்களின் பாலில் நின்றதைவிட உயரமாக எழும்பி நின்றது. உயரம் என்றால் நல்லதென்று எண்ணி நான் கிட்டத்தட்ட கை தட்டினேன்.

“என்னம்மா இது? வத்துரதானே?” ஐயா சிங்களவர். தண்ணீரை அவர் எப்போதும் சிங்களத்தில்தான் சொல்வார். “மழையும் இல்ல. யார் ஊத்தினது?”

எனக்கு வாய் திறந்தது. அம்மா முந்திக்கொண்டார்.

“வாளி கழுவின தண்ணிங்க ஐயா. கொட்டாம அதுக்கு மேலயே பால ஊத்திட்டேன்.”

“இத்தன வருஷமா ஒங்க வாளியில ஒரு இலை பாத்ததில்லையே?”

“மறந்துட்டேங்க.”

வரிசையில் சித்தி தன் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாளியைச் சுத்தமாகக் கழுவி வைப்பதுதான் அந்த வேலையே. அடுத்த மாதம் அது சித்திக்குப் போனது. “நான் கேக்கலக்கா, அவங்களாத்தான் கூப்புட்டாங்க,” என்று சித்தி வந்து அழுதார். அம்மாதான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, என் விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பரைத் தோல் தோலாக உரித்தெடுத்தார். பத்து விரலிலும் இருந்தது. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. “போ, எழுத இருக்குன்னியே,” என்றார். அம்மாவுக்குத் தெரியாது என்று நான் நிம்மதியாக எழுதப் போனேன்.

‘இன்று என் அம்மாவுக்கு ஓவர் கிலோ கிடைத்தது.’ திங்கட்கிழமை டீச்சர் அதைச் சிவப்புப் பேனையால் அடித்தார். இது தோட்டத்துப் பேச்சு, அகராதியில் இல்லை என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். அந்தச் சிவப்புக் கோட்டுக்காகத்தான் அழுதேன்.

இப்போது இரத்தினபுரிப் பக்கம் ஒரு ரப்பர் பெக்டரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அந்தக் கண்ணாடிக் கருவியைத் தினமும் மிதக்க விடுவது நான்தான். பாலைவிடத் தண்ணீர் கனமானது. அதனால் தண்ணீர் கூடினால் கருவி மேலே எழும்பும். எடையையும், கருவி காட்டும் ரப்பர் விகிதத்தையும் பெருக்கினால் வருவது வாளியில் உள்ள ரப்பர் மட்டுமே. பதினொரு சிரட்டை ஊற்றினாலும் நூறு ஊற்றினாலும் ஒரு கிராம் கூடாது. முதல் பயிற்சி வகுப்பில் இதைச் செய்து பார்த்த அன்று நான் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் மலை ஏறினார். இப்போது என்னோடு இருக்கிறார். படி ஏற முடியாததால் கீழ்வீடு எடுத்திருக்கிறோம். தண்ணீர் ஊற்றியது நான் என்று இன்னும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.