பூட்டை இழுத்துப் பார்ப்பவர்

மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போன பிறகு என்னால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். தாளித்துக்கொண்டிருக்கும்போதே வாசலுக்குப் போய் எதையோ பார்த்துவிட்டு வருவேன்; கடுகு கருகிப்போயிருக்கும். அந்தச் சமயத்தில்தான் வேங்கிக்காலில் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கோலப் போட்டி, மியூசிக்கல் சேரெல்லாம் வருஷா வருஷம் பாத்தாச்சுக்கா. இந்தப் பொங்கலுக்கு நம்ம நகர்ல ஒரு நாடகம் போடுவோம். சிரிக்கற மாதிரி. நீங்க சாதாரணமா பேசினாலே சிரிப்பு வருது, நீங்களே எழுதிடுங்க."

பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நான் எதையும் எழுதியதில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். வீட்டில் சும்மா இருப்பதைவிட எதுவானாலும் தேவலை என்றிருந்தது. அவள் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, அவள் கம்ப்யூட்டரில் அடித்தாள். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்து காப்பி எடுக்க நின்றவர்கள், தங்கள் முறை வந்த பிறகும் போகாமல் நின்று கேட்டார்கள்.

கதை இதுதான். ஒரு குடும்பம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்புகிறது. வீட்டுக்காரர் கதவைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், நாலடி போவார், திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அப்புறம் கேஸை மூடினோமா என்று சந்தேகம். கதவைத் திறந்து உள்ளே போவார். பிறகு தண்ணி மோட்டார். பிறகு மாடிக் கதவு. இப்படியே முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, கடைசியில் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு இவர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

அடித்து முடித்ததும் அவள் கேட்டாள். "இது உங்க வீட்டு சாருதானேக்கா?"

"எல்லார் வீட்லயும் ஒருத்தர் இருப்பாங்க" என்றேன்.

என் கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அமைதியானவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் பூட்டை இழுத்துப் பார்க்காமல் நாங்கள் எங்கேயும் போனதில்லை. ஆனால் வீட்டுக்காரர் வேஷத்துக்கு வந்தவர் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரர். குண்டான உடம்பு, பெரிய குரல். அவர் பூட்டை இழுத்தால் கதவே பெயர்ந்து வருகிற மாதிரி இருக்கும். கண்ணை உருட்டுவார், தலையில் அடித்துக்கொள்வார். என் கணவருக்கும் அவருக்கும் துளியும் சம்பந்தமில்லை. எனக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கோயம்புத்தூரில் மெடிக்கல் ஷாப்காரருடைய மகளுக்கு முன்கூட்டியே பிரசவ வலி வந்துவிட்டது. அவர் அன்றைக்கே குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டார். தெருவில் வேறு எந்த ஆணும் வேஷம் கட்ட முன்வரவில்லை. வெட்கம், வேலை, இடுப்புவலி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"வசனம் மொத்தமும் உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே வேட்டி கட்டிக்கினு நில்லுங்கக்கா" என்றாள் ஜெராக்ஸ் கடைப் பெண்.

மனைவியாக நடித்தது எங்கள் அங்கன்வாடி டீச்சர். அவளும், "நீ எதிர்ல நின்னா எனக்கு இன்னும் நல்லா பேச வரும்" என்று சேர்ந்துகொண்டாள்.

மொட்டை மாடியில் ஒத்திகை. நான் மெடிக்கல் ஷாப்காரர் மாதிரியே கண்ணை உருட்டிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை எதையும் யோசிக்காமல் செய்தேன். பூட்டினேன், இழுத்தேன், சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பையை மேலே தட்டிக்கொண்டேன், போனேன், நின்றேன், கழுத்தை மட்டும் திருப்பிக் கதவைப் பார்த்தேன். திரும்பி வந்தேன்.

அங்கன்வாடி டீச்சர் வசனத்தை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, அண்ணன் அப்படியே வந்து நிக்கறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் நாடகம் பார்க்க வருவாரே. வேறு மாதிரி செய்ய முயன்றேன். கை கேட்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தது உடம்பில் ஏறியிருந்தது.

வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் போய் நிற்பேன், தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் காலையில், "என்னங்க, உங்க வேட்டி ஒண்ணு வேணும். நான்தான் வீட்டுக்காரர் வேஷம் போடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு ஏக சந்தோஷம். "நீயா? மீசை ஒட்டுவாங்களா?"

"ஒட்டுவாங்க."

பீரோவைத் திறந்து நல்ல வேட்டியாகப் பார்த்து எடுத்தார். கோடு போட்ட சட்டை ஒன்றையும் எடுத்தார். புடவைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றி, மடிப்பு எங்கே வர வேண்டும், எந்தப் பக்கம் செருக வேண்டும் என்று மண்டியிட்டுச் சொல்லிக் கொடுத்தார். "நடக்கறப்ப காலை அகட்டி வெக்காத. சாதாரணமா நட. அப்பதான் ஆம்பள மாதிரி இருக்கும்." நான் கூடத்தில் நடந்து காட்டினேன். அவர் கைதட்டினார். ஆபீசிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும் சொன்னார். நான் வேட்டியை அவிழ்த்து மடித்தேன், பிரித்து மறுபடி மடித்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம். காலி மனையில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். மேடையில் ஆசாரி ஒருவர் இரவல் கொடுத்த கதவும் சட்டமும், நிஜப் பூட்டு. பின்னால் இருட்டிக்கொண்டு வரும் மலை. மூன்றாம் வரிசையில் என் கணவர், இரண்டு பக்கமும் ஆபீஸ்காரர்கள். மேடை விளக்கைப் போட்டதும் அவர் முகம் மறைந்துவிட்டது.

பூட்டினேன். இழுத்தேன். போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்தேன். சிரிப்பு அலையாக வந்தது. நாடகத்தில் அதோடு அந்தக் கட்டம் முடிந்துவிடும். நான் மேடை ஓரம் வரைக்கும் போனேன். அங்கே நின்றபோது, நிஜமாகவே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பூட்டினேனா? சாவியைத் திருப்பினது நினைவில் இருந்தது, பூட்டு கொக்கியில் விழுந்த சத்தம் நினைவில் இல்லை. அது வெறும் சட்டம், அதற்குப் பின்னால் வீடே இல்லை என்று தெரியும். இருந்தாலும் கை பரபரத்தது. திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்தேன். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

மோட்டார் கட்டத்தில் விளக்கைக் குறைப்பார்கள். அப்போது கீழே பார்த்தேன். ஆபீஸ்காரர்கள் இருந்தார்கள். நடு நாற்காலி காலியாக இருந்தது.

அடுத்த வசனம் எனக்கு வரவில்லை. மேடையில் அப்படியே நின்றேன். அங்கன்வாடி டீச்சர் கிட்டே வந்து என் முகத்தை எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, நம்மள உள்ள வெச்சுப் பூட்டிட்டோமான்னு யோசிக்கறீங்களா?" அது எழுதாத வசனம். அன்றைக்கு எல்லாவற்றையும்விட அதற்குத்தான் சிரிப்பு ஜாஸ்தி. அதைப் பிடித்துக்கொண்டு எப்படியோ முடித்தேன்.

மீசையைப் பிய்த்துக்கொண்டே வெளியே ஓடினேன். ஷாமியானாவுக்குப் பின்னால், ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"எழுந்து வந்துட்டீங்க."

"மொதல்ல நானும் சிரிச்சேன். நீ வேற யாரையோ காட்டறன்னு நெனச்சுதான் சிரிச்சேன். நீ சாவிய பாக்கெட்ல போட்டுத் தட்டினப்ப, பக்கத்துல இருந்தவரு 'சார், உங்கள மாதிரியே'ன்னாரு. அதுக்கப்பறம் சிரிக்க வரல."

சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். கோபப்பட்டிருந்தால்கூட பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாளிலிருந்து அவர் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. பூட்டுவார், சாவியை என் கையில் கொடுப்பார், நேராக வண்டிக்குப் போய்விடுவார். ஆனால் வண்டியை உதைக்காமல் ஒரு கணம் நிற்பார். கை கைப்பிடியில் நிலைகொள்ளாது. ஒரு நாள் பாதி வழியில், பெரியார் சிலை சிக்னலில், "கேஸு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அவருக்காக நானே இழுத்துப் பார்க்கத் தொடங்கினேன், அவருக்குக் கேட்கும்படி சத்தமாக. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை என்று முதுகிலேயே தெரிந்தது. பகலில் அவர் ஆபீசில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

மாசி மாதம் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மெடிக்கல் ஷாப்காரர் பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார், அவரே நடிக்கட்டும் என்றேன். ஜெராக்ஸ் கடைப் பெண் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, என் கணவர் முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"நீங்களாவது சொல்லுங்க சார். மெடிக்கல்காரரு செஞ்சா யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்க."

அவர் பேப்பரை மடித்தார். "யோசிச்சு சொல்லுவா. நீ போம்மா" என்றார்.

அவள் போன பிறகு எழுந்து, கட்டைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் கதவுக்குப் போனார்.

"இங்க வா. நீ வலது கையால இழுத்த. தப்பு. வலது கையில பை இருக்கும். எப்பவும் இடது கைதான்." இழுத்துக் காட்டினார். "இழுத்துட்டு உடனே விடக்கூடாது. ஒரு நொடி புடிச்சுக்கினே இருக்கணும்."

நான் அப்படியே செய்து பார்த்தேன்.

"பூட்டிதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சே இருக்கும். ஆனா தெரிஞ்சது போதல. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அன்னிக்கு மேடையில எனக்கும் அப்படித்தாங்க ஆச்சு. கடைசியா ஒரு தடவ இழுத்தேனே, அது நாடகத்துல இல்ல."

"இல்லையா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். பையைக் கீழே வைத்தார். "அத எடுத்துடாத. வெச்சுக்கோ."

கீழ்பென்னாத்தூருக்கு அவரும் எங்களோடு வேனில் வந்தார். மத்தியான வெயிலில் பள்ளி மைதானம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பூட்டை இழுக்க இழுக்க, "இன்னொருவாட்டி! இன்னொருவாட்டி!" என்று கத்தினார்கள். கணக்கில்லாமல் இழுத்தேன், எல்லாம் இடது கையால். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமும் தெரிந்தது. அவர் உட்காரவில்லை. வகுப்பறைச் சுவரோரமாக நின்றிருந்தார். அங்கன்வாடி டீச்சர், "தாலி கட்டி முடிச்சு பொண்ணுக்கு வளைகாப்பே வந்துடும், வாங்க!" என்று கத்தியபோது அவர் தோள் குலுங்கியது. என்னுடைய வசனத்துக்குச் சிரிக்கவில்லை. அவளுடையதற்குத்தான் சிரித்தார். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மேடையை விட்டு இறங்குகிறவரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வேனில் ஆளுக்கொரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை. அவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்தது என்னா நாடகம்?" என்றார், திரும்பாமல்.

"இன்னும் யோசிக்கலீங்க."

"உங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அத எழுது."

அங்கன்வாடி டீச்சர் உடனே பிடித்துக்கொண்டாள். "அது என்னா கதைண்ணே?"

அவர் திரும்பி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், கையை ஆட்டி, என் அப்பா குரலில் ஒன்றும் மாப்பிள்ளையின் மாமா குரலில் ஒன்றுமாகப் பேசினார். வேனே சிரித்தது. ஓட்டுநர்கூட வேகத்தைக் குறைத்துக் கேட்டார். ஆனால் கதையைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடத்துக்குள் மாடு வந்த இடத்தையே விட்டுவிட்டார். அந்த மாடுதான் மொத்தக் கதையும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடலைப் பொட்டலத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, ஓடுகிற வேனில் எழுந்து நின்றேன்.

"நிறுத்துங்க. அப்படி இல்ல, மொதல்ல இருந்து நான் சொல்றேன்."