செங்கோடக் கவுண்டரின் இடது கன்னம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அடுத்த வீட்டுப் பாவாயம்மா என் எதிரில் நின்று அழுதார். அவர் கையில் அவருடைய கணவர் செங்கோடக் கவுண்டரின் தலை.

பயப்படாதீர்கள்... மண் தலைதான். நான் செய்தது.

ஓமலூர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மண்ணோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு வேலையும் இல்லை — அதுதான் சுகம். ஆபீஸில் ஓர் எழுத்து பிசகினால் விளக்கம் எழுத வேண்டும். மண்ணில் பிசகினால்? கசக்கி உருட்டினால் தீர்ந்தது. ஏரி மண்ணைக் கல் பொறுக்கிக் குழைத்து, விரல் இடுக்கெல்லாம் பிதுங்க விட்டுப் பாருங்கள். நாற்பது வயது பத்து வயதாகிவிடும். போன மாதம் ஒரு மேச்சேரி ஆடு செய்தேன். பார்த்தவர்கள் நாய் என்றார்கள். நாயாகவே இருக்கட்டும் என்று வாலைக் கொஞ்சம் நீட்டி வளைத்துவிட்டேன். நமக்கென்ன நஷ்டம்?

அடுத்துத்தான் கவுண்டர். தினமும் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர். மூன்று நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையைச் செய்து, கொல்லைச் சுவரில் காய வைத்தேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப் போனேன். எங்கள் பக்கத்தில் உடம்புக்கு முடியாவிட்டால் சாமிக்கு நேர்ந்துகொண்டு மண் உருவம் வைப்பார்கள். உருவாரம் என்று பெயர். மாட்டுக்கு நோய் என்றால் மண் மாடு, ஆளுக்கு நோய் என்றால் மண் ஆள். சுவரில் கணவரின் தலையைக் கண்ட பெண்பிள்ளை வேறு என்ன நினைப்பார்?

“ஏனுங்க, அவருக்கு என்ன சீக்குங்க? எங்கிட்ட மறைச்சுட்டு உங்களை உருவாரம் செய்யச் சொன்னாருங்களா?”

“அதெல்லாம் இல்லீங்கம்மா. சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சேன்.”

“வெளையாட்டுக்கு ஆராச்சும் ஆள் தலை செய்வாங்களா சாமி? இந்தக் கன்னம் ஏன் வீங்கியிருக்குது?”

பார்த்தேன். இடது கன்னம் வீங்கித்தான் இருந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை — கண் பார்த்ததைக் கை செய்திருக்கிறது.

“வெத்தலை அடக்குன கன்னமுங்க” என்றேன்.

“அவரு அடக்கறது வலது பக்கமுங்க.”

அதைச் சொன்னதும் அவர் அழுகை நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கவுண்டர் தோட்டத்திலிருந்து வந்தார். “வாயத் தொறங்க” என்றார் பாவாயம்மா. கவுண்டர் மழையைப் பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார்... கடைசியில் திறந்தார். கடைவாய்ப் பல்லுக்குக் கீழே ஈறு பழுத்துச் சீழ் கட்டியிருந்தது. ஒரு மாதமாக வலியாம். டாக்டரிடம் போனால் புகையிலையை நிறுத்தச் சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு — அதுவும் ஒரு பக்கமாக — இருந்திருக்கிறார் மனிதர்.

மறுநாள் பஸ் பிடித்துச் சேலம் போனோம். டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். கவுண்டரோ, புகையிலை போன துக்கத்தில் என்னை முறைத்துக்கொண்டே ஊர் வந்தார்.

அந்தத் தலை எனக்குத் திரும்பி வரவில்லை. முனியப்பன் கோயிலில் ஒரு மண் குதிரைக்கும் இரண்டு மண் மாடுகளுக்கும் நடுவே வீற்றிருக்கிறது. சுடாத மண்ணாச்சே என்றேன். சாமி ஏற்றுக்கொள்வார் என்று சொல்லிவிட்டார் பாவாயம்மா.

யோசித்துப் பாருங்கள். தினமும் காணும் முகத்தை நாம் எங்கே பார்க்கிறோம்? ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். கையில் ஒரு பிடி மண்ணை எடுத்தால்தான் இந்தக் கண் ஒழுங்காக வேலை செய்கிறது.

நேற்று இந்தத் தத்துவத்தை என் மனைவியிடம் பெருமையாக விளக்கினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, நிமிராமல் சொன்னாள்:

“அப்படீன்னா என்னையும் ஒருக்காச் செய்யுங்க. நீங்க எம் மூஞ்சிய நேராப் பாத்துப் பத்து வருசமாச்சு.”

ஆபீஸுக்கு மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.