பால்சுறாவும் என் வயிற்றுக் காயமும்

முதலில் தொப்புளைச் சுற்றித்தான் நொந்தது. பிறகு நோவு வலப்பக்க அடிவயிற்றில் இறங்கி அங்கேயே நின்றுகொண்டது. என் கணவரின் தாய், நான் மாமி என்று கூப்பிடுகிறவர், வாய்வு என்று சொல்லி ஓமத் தண்ணீர் அவித்துத் தந்தார். பக்கத்து வீட்டாரும் வாய்வு என்றார்கள். எங்கள் மீன்பிடி ஊரான குருநகரில் வயிற்றுக்குள் எது நடந்தாலும் அது வாய்வுதான். காய்ச்சல் ஏறி, வயிறு பலகைபோல் இறுகிய பிறகே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அப்பென்டிசைட்டிஸ் (குடல்வால் அழற்சி) என்றார் டொக்டர். குடல்வால் வெடித்து, பெரிட்டோனைட்டிஸ் (வயிற்றறைக்குள் சீழ் பரவுதல்) ஆகியிருந்தது. அன்றே வெட்டினார்கள். உயிர் தப்பினேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் எழுத நினைப்பது அதற்குப் பிறகு நடந்ததை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது, போர்க்காலம். மின்சாரம் இல்லை. மருந்துக்குத் தட்டுப்பாடு. கடலில் தூரம் போகத் தடை. கரையோரம் வலை போட்டுக் கிடைப்பதுதான் மீன். சீழ் வடியட்டும் என்று காயத்தின் கீழ்ப்பாதியைத் தைக்காமல் விட்டு, நாளாந்தம் வந்து மருந்து கட்டச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரங்கள் போயின. காயம் மூடவில்லை. வெளிறி, ஈரமாக, வைத்தது வைத்தபடி கிடந்தது.

பார்க்க வந்தவர்கள் தோடம்பழம் கொண்டுவராவிட்டாலும் புத்திமதி கொண்டுவந்தார்கள். "பொறுத்தார் பூமியாள்வார், பிள்ளை" என்றார் ஒருவர். பூமியை ஆளும் எண்ணம் எனக்கு இல்லை, கட்டிலை விட்டு எழும்பினால் போதும். "லங்கணம் பரம ஔடதம்" என்றார் இன்னொருவர். பட்டினிதான் பெரிய மருந்தாம். சொல்லிவிட்டு எங்கள் வீட்டுத் தேத்தண்ணீரை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். சுகமாக இருக்கிறவர்களுக்குத்தான் எத்தனை பழமொழிகள் தெரிந்திருக்கின்றன. படுத்திருக்கிறவள் எழும்பி அடிக்கமாட்டாள் என்ற துணிவு.

எல்லாருடைய வாயிலும் பொதுவாக இருந்த சொல் கிரந்தி. புண்ணைப் பழுக்கவைக்கும் குணம் சில சாப்பாடுகளுக்கு உண்டு என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இறால், நண்டு, கத்தரிக்காய், தக்காளி என்று தொடங்கிய அந்தத் தடை, ஒவ்வொருவர் வந்துபோகப் போக முட்டைக்கும் எல்லா மீனுக்கும் நீண்டது. எனக்கு மிஞ்சியது கஞ்சியும் மிளகுத் தண்ணீரும்.

அதே மாதம் அதே வீட்டில் இவரின், அதாவது என் கணவரின், தங்கை மேரிக்கு ஆண்குழந்தை பிறந்திருந்தது. குசினியில் இரண்டு அடுப்பு. ஒன்றில் என் கஞ்சி. மற்றதில் மேரிக்குப் பால் சுரக்கவென்று சரக்கு அரைத்து வைத்த பால்சுறாக் குழம்பு. மிளகு, சீரகம், உள்ளி, மஞ்சள் எல்லாம் சேர்ந்து கொதிக்கும் மணம் அறைக்கு வரும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.

ஒருநாள் கட்டை அவிழ்த்துப் பார்த்த டொக்டர் கேட்டார்.

"என்ன சாப்பிடுறியள்?"

"கஞ்சி, டொக்டர்."

"மீன்?"

"கிரந்தி எண்டு தாறேல்லை."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். "குருநகரிலை இருந்துகொண்டு மீன் தின்னேல்லை எண்டு சொல்லுறியள். புரதம் (தசையும் தோலும் கட்டும் சத்து) இல்லாமல் இந்தப் புண் எப்பிடி மூடும்? இப்பிடியே போனால் திரும்ப வெட்டித் தைக்கவேணும். மயக்க மருந்தின்ரை நிலைமை உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். திரும்பவும் அந்த மேசையில் படுத்தால் எழும்புவேனா என்பது எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் தெரியவில்லை. அது அவர் முகத்தில் இருந்தது.

வீட்டில் சொன்னேன். மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "டொக்டர்மார் சொல்லுவினம். புண் பழுத்தால் அவையே வந்து படுக்கிறது?" இவர் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமி, மேரிக்கும் உள்ளுக்குப் புண்தானே. அவவுக்குச் சுறா குடுக்கிறியள். எனக்கு மட்டும் ஏன் கிரந்தி?"

"அவள் பால் குடுக்கிறவள், பிள்ளை. உனக்கு என்னத்துக்கு?"

குரலில் வன்மம் இல்லை. திருவலையும் நிறுத்தவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. கலியாணம் கட்டி எட்டு வருடம், எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைக்குப் பால் சுரக்கவேண்டுமென்றால் சுறாவில் கிரந்தி இல்லை. நான் ஒருத்தி உயிரோடிருப்பதற்கு மட்டும் என்றால் இருக்கிறது.

பழையவர்களின் அறிவை நான் பழிக்கவில்லை. உடைந்த உடம்பைச் சுறாவும் முட்டையும் உள்ளியும் கொடுத்துத் தேற்றவேண்டும் என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். நல்ல அறிவு அது. அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறிப்பது என்று வந்தபோதுதான் மனிதப் புத்தி தன் வேலையைக் காட்டியது. பொறுமையும் அப்படித்தான். எங்கள் வீட்டில் யாரும் மேரியைப் பொறுத்திரு என்று சொல்லி நான் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துக் குசினிக்கு நடந்தேன். சோற்றுக் கோப்பை எடுத்தேன். சோறு போட்டேன். சுறாச் சட்டியைத் திறந்து இரண்டு துண்டு போட்டுக்கொண்டு அங்கேயே நிலத்தில் இருந்து சாப்பிட்டேன்.

"அது பிள்ளைப்பெத்தவளுக்கு வைச்சது" என்றார் மாமி.

"ஓம் மாமி. நல்லாயிருக்கு."

அவர் மகனைக் கூப்பிட்டார். இவர் வாசலில் வந்து நின்றார். நான் சாப்பாட்டை நிறுத்தாமலே சொன்னேன்: "நாளைக்கு ரெண்டு பேருக்குக் காணிற அளவுக்குச் சுறா கொண்டு வாங்கோ."

தாயைப் பார்த்தார். பிறகு "ஓம்" என்றார். அறைக்குள்ளிருந்து மேரியின் குரல் வந்தது. "அம்மா, அண்ணிக்கு ஒரு முட்டையும் அவிச்சுக் குடுங்கோ."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் வந்த பிறகுதான் புத்தி வந்தது.

சுறா மட்டும் என்னைச் சுகப்படுத்தவில்லை. நாளாந்தம் கட்டிய கட்டும், எங்கேயோ தேடி எடுத்துத் தந்த மருந்தும் சேர்ந்துதான். ஆனால் அதன் பிறகுதான் கிரனுலேஷன் (புண்ணின் அடியிலிருந்து எழும் சிவந்த புதுத்தசை) தெரியத் தொடங்கியது. "வளருது" என்றார் டொக்டர். திரும்ப வெட்டவேண்டி வரவில்லை.

இதை வாசிக்கிறவர் நோயாளியானால், டொக்டரிடம் என்ன சாப்பிடுகிறேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பார்த்துக்கொள்கிறவரானால், நோயாளிக்கு ஒன்றை மறிக்குமுன், அதே நோய் வீட்டில் வேறு யாருக்கு வந்திருந்தால் கொடுத்திருப்பீர்கள் என்று யோசியுங்கள்.

என் வயிற்றின் கீழ்ப்பாதியில் அகலமான தழும்பு இருக்கிறது. மழை நாளில் இழுக்கும். முன்பெல்லாம் எனக்கு நேரம் என்பது வள்ளம் கரைக்கு வரும் நேரம், கோயில் மணி அடிக்கும் நேரம், மற்றவர்கள் சாப்பிட்டு எழும்பும் நேரம். இந்த உடம்புக்கென்று ஒரு நேரம் இருப்பது தெரியாது. இப்போது பசித்தவுடன் கோப்பையைப் போட்டுச் சாப்பிடுகிறேன். மாமிக்கு இன்னும் அது பழகவில்லை.

"ஆம்பிளையள் இன்னும் வரேல்லை, பிள்ளை" என்பார்.

"ஓம் மாமி. எனக்குப் பசிக்குது."