கண்ணாடியில் தடவிய துளி

விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் கஞ்சி காய்ந்த மாதிரி ஒரு தடத்தைத் தவிர என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அண்ணியின் கருப்பை வாயிலிருந்து மரக்குச்சியால் வழித்தெடுத்தது அது. மதராசுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார்.

அறுபதுகளின் தொடக்கம். அண்ணிக்கு மடியில் ஒரு குழந்தை. அண்ணனோடு சேர்ந்தால் இரத்தம் படுகிறது என்பதை வெகுநாள் அடக்கி வைத்திருந்து, கடைசியில் நாத்தனாரான என்னிடம்தான் சொன்னாள். இருவரும் விழுப்புரத்தில் ரயிலேறித் திண்டிவனம் லேடி டாக்டரிடம் வந்திருந்தோம்.

முடிவு வரும்வரை அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. துலக்கிய பாத்திரத்தையே மறுபடியும் துலக்குவாள். மல்லாட்டைக் கடலை உரிக்க உட்கார்ந்து பாதியில் எழுந்து வாசலுக்குப் போவாள். என் அம்மாவோ பேச்சையே எடுக்கவிடவில்லை. "பொம்பளை ஒடம்புன்னா ஆயிரம் இருக்கும். அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கணுமா?"

மறுபடி போனபோது டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "இப்ப புத்துநோய் இல்லம்மா. ஆனா அந்த எடத்துல சதை மாற ஆரம்பிச்சிருக்கு. விட்டா ஒருநாள் புத்தாவலாம். அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துடலாம்."

"நோவு இல்லைன்றீங்க. அப்பறம் எதுக்குங்க கத்தி?" என்றாள் அண்ணி.

"நோவு வர்றதுக்கு முன்னாடியே தடுக்கத்தான்."

வீட்டில் அம்மா ஒப்பவில்லை. அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார். அண்ணிதான் முடிவு செய்தாள். "இருக்குதா இல்லியான்னு நெனச்சிக்கினே என்னால கெடக்க முடியாது அத்தை. நான் போறேன்."

மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து வாந்தியெடுத்தவள், வாயைத் துடைக்கும் முன்பே என் கையைப் பிடித்துக் கேட்டாள். "கொழந்தைப் பை இருக்குதா?" இருக்கிறது என்றேன். நம்பாமல் நர்சையும் கேட்டாள். வெட்டியெடுத்த துண்டின் விளிம்பு சுத்தமாக இருக்கிறது, கெட்டது முழுக்க வந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

வீடு திரும்பிப் படுத்திருந்தவளுக்குக் கஞ்சி கொண்டுவந்த அம்மா, டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். பிறகு சுவரைப் பார்த்தபடி, "எனக்கும் படுதும்மா. போன நெல்லறுப்புலேர்ந்து" என்றாள். அவளுக்கு மாதத் தூரம் நின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

நேராக நிமிர்ந்து நடக்க முடியாத நிலையிலேயே அண்ணி அவளைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மாவுக்குக் கண்ணாடித் துண்டு தேவைப்படவில்லை, புத்து என்று விரலிலேயே தெரிந்துவிட்டது. மதராசில் கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். அம்மா அடுத்த அறுப்பைப் பார்க்கவில்லை. கடைசிவரை அவளுக்குத் துணி மாற்றியது அண்ணிதான்.

அண்ணிக்கு அதன்பின் ஒரு பெண் பிறந்தாள். வருஷம் தவறாமல் பரிசோதனைக்குப் போவாள். முடிவு வரும்வரை பாத்திரங்கள் தேய்ந்துகொண்டிருக்கும். இப்போது தள்ளாத வயது. இருந்தும் வீட்டுக்கு வரும் பெண்கள் யாராயிருந்தாலும், ஆண்கள் அந்தண்டை போனதும், பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக் கேட்டுவிடுவாள்.

"வெக்கப்படாம சொல்லு. எதுனா படுதா?"