தாமதமாக வந்த நாரைகள்

விலங்கியல் ஆசிரியைக்குத் தட்டில் கிடக்கும் தவளை கட்டுப்படும். வானத்து நாரை கட்டுப்படாது. விருந்தாளிக்காகச் சமைத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என் பாடு புரியும்.

காலிக் கண்மாய்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். தை பிறந்தால் சமயநல்லூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கு நாரைகள் கூடு கட்ட வந்துவிடும் என்று வகுப்பில் அடித்துச் சொல்லி, மாணவிகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். கருவேல மரங்களில் ஒரு காக்காய்கூட இல்லை. அந்த வருஷம் மழை குறைந்ததை நான் யோசிக்கவே இல்லை. புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பும்போது டிரைவர் சொன்னார்: "டீச்சரம்மா, அடுத்த தடவை பறவைகளுக்கும் ஒரு கார்டு போட்டுட்டு வாங்க."

முந்திக்கொண்டவை

மறுவருஷம் ஐப்பசியிலேயே மழை கொட்டிக் கண்மாய் நிரம்பி வழிந்தது. சூடு பட்டவள் அல்லவா, மாசிக் கடைசியில்தான் போனேன். கூடு கட்டுவதைப் பார்க்கப் போன எங்களைக் குஞ்சுகள் கழுத்தை நீட்டி வரவேற்றன! மாணவிகள் பூரித்துப்போனார்கள். கூட வந்த தாவரவியல் ஆசிரியை மட்டும் என் காதில் சொன்னாள்: "உனக்கு முன்னாடியே அதுங்க சிலபஸை முடிச்சிருச்சுடி."

கோடாலி

அதற்கடுத்த வருஷம் கண்மாய் மரங்கள் ஏலம் போயின. எடுத்தவர் விறகுக்கடை பெரியகருப்பன். கூடு கட்டும் மரம் என்று ஊர்க்காரர்களோடு சேர்ந்து மன்றாடினேன். "மாசி முடியட்டும் டீச்சர். அதுக்குள்ள வரலைன்னா வெட்டிருவேன்" என்றார்.

மழை பிந்திப் பெய்து, கண்மாய் பாதிதான் நிறைந்திருந்தது. தினமும் விடிந்ததும் கோச்சடையில் இருந்த என் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடுவேன். மாசி முடிந்தது. நாரை வரவில்லை.

பங்குனி பிறந்த அன்று ஆட்கள் கோடாலியோடு இறங்கினார்கள். நானும் மாணவிகளும் கரையில் நின்றோம். முதல் மரத்தில் ஒரு கிளை விழுந்தது. அப்போதுதான் நாகமலைப் பக்கம் வானத்தில் வெள்ளையாக ஏதோ சுற்றியது. வட்டம் போட்டு வட்டம் போட்டுத் தாழ்ந்து, பட்டாளமாக மரங்களில் வந்து இறங்கின நாரைகள். சற்று நேரத்தில் ஒன்று, வெட்டிப் போட்ட கிளையிலிருந்தே ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு மேலே போனது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ரோட்டில் போன லாரிகூட நின்றது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அண்ணாந்து பார்த்தபடி நின்ற பெரியகருப்பன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்: "டேய், கோடாலியக் கீழ போடுங்கடா! பிள்ளத்தாச்சி வீட்ட எவனாச்சும் இடிப்பானா?"

இத்தனை வருஷ வாத்தியார் வேலையில், தாமதமாக வந்தவர்களுக்கு நான் எழுந்து நின்று கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.