ஒரே பக்கம் நிற்கும் வண்டிகள்

பேருந்து நிலையத்து விசாரணைக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளை எல்லோரும் விசாரணையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியில் வாய் உயரத்துக்கு ஒரு ஓட்டை, மேசைமேல் மைக், தொலைபேசி, தலைக்கு மேல் காற்றைவிடச் சத்தத்தைத் தாராளமாகத் தரும் மின்விசிறி. இதுதான் அவளுடைய ராஜ்ஜியம். எங்கே இறங்கி எதில் ஏற வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஊருக்கே சொன்ன வழியில் அவள் ஒரு நாளும் போனதில்லை. வீட்டில் கார் இருந்தது, அதை ஓட்டக் கணவர் இருந்தார். வாடகைக் கார் ஓட்டியே தலை நரைத்த மனிதர். பேருந்தில் போவதும் மூட்டையாகப் போவதும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

அவருக்குத்தான் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றோடு அவருடைய பேச்சும் சுருங்கிவிட்டது. சாயங்காலம் அவள் வீடு திரும்பினால் உள்ளே ஆள் இருக்காது. வாசலில் உறை போட்டு மூடிய காருக்குள் உட்கார்ந்திருப்பார். உறைக்குள் வெளிச்சம் ஏது? அந்த இருட்டில் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்மேல் இருக்கும். அவள் உறையைத் தூக்கிக் கண்ணாடியைத் தட்டினால், வெகுதூரத்திலிருந்து வருகிற ஆளைப் போல மெல்லத் திரும்பிப் பார்ப்பார். முதல் தடவை அவள் பயந்துபோய் உறையைக் கைவிட்டுவிட்டாள். அடுத்தடுத்த தடவைகளிலும் அது பழகவில்லை.

இந்த மனிதரை இப்படியே விட்டால் கையை விட்டுப் போய்விடுவார் என்று அவளுக்குப் பட்டது. அதனால்தான் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டாள். ரயிலடி வரை பேருந்து, அங்கிருந்து மலையடிக்கு ரயில், மலையடியிலிருந்து அணைக்கு ஒரு வண்டி, அணையிலிருந்து படகுத்துறைக்கு இன்னொன்று, கடைசியில் தீவுக்குப் படகு. நேர்வழி வேறு இருந்தது. அதில் நாலு வழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும், படிக்கட்டு ஏறி இறங்க வேண்டும். இவள் வழியில் இறங்குகிற பக்கத்திலேயே அடுத்த வண்டி நிற்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வண்டி முன்னதாகவே போய், அடுத்ததுக்கு அவசரமில்லாமல் காத்திருக்கலாம். ஓரப்பார்வை இல்லாத ஒருவருக்காகவே தைத்த சட்டை அது. பாத்திரம் கழுவிக்கொண்டே, சமையலறை ஜன்னல் வழியாக, காரைப் பார்த்து வாய் வலிக்க வலிக்கச் சொல்வாள். உறைக்குள்ளிருந்து ஒரு ‘ம்’ கூட வராது.

விடுப்பு கிடைத்ததும், மதியக் கூட்டம் ஓய்ந்த வேளையில், வழியிலுள்ள கூண்டுகளுக்குப் போன் போட்டாள். கூண்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இடத்தின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மலையடியா? நான் பெரிய ஸ்டாண்டு பேசறேன். ரயில் வந்ததும் அணைக்கு வண்டி இருக்கா?"

"இருக்குக்கா. என்னக்கா, எல்லாரும் இந்தச் சுத்து வழியையே புடிச்சுக்கிட்டீங்க? நேத்துதான் ஒருத்தர் இதையே கேட்டாரு."

நம்மைப் போல இன்னொரு கிறுக்கு இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அடுத்த எண்ணைச் சுழற்றினாள்.

"அடடே, பெரிய ஸ்டாண்டா?" என்றார் அணைக்காரர். "இதே வழியை நேத்து ஒருத்தர் விசாரிச்சாரும்மா. ஒரு வண்டி முன்னாடியே வந்து காத்திருந்தா உக்கார இடம் இருக்குமான்னு கேட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு நின்றது. தன் திட்டத்துக்குள் யாரோ புகுந்து தனக்கு முன்னால் நடந்துபோவது போல இருந்தது. "யாருங்க அது?"

"பேர் சொல்லல. பின்னாடி ஒரு சத்தமும் இல்ல. மூடின பெட்டிக்குள்ளேருந்து பேசற மாதிரி இருந்துச்சு."

உடனே படகுத்துறைக்குப் போன் போட்டாள். அங்கே இருந்தவள் சின்னப் பெண்.

"ஆமாக்கா, காலைல பேசினாரு. பஸ் நிக்கற பக்கமே படகு நிக்குமா, ரோடு தாண்டணுமான்னு கேட்டாரு. ஒத்த ஆளுதானாம், இன்னிக்கே கிளம்பறாராம். திரும்பற படகு எப்பன்னு நான் சொல்லப்போனேன். அது எனக்குத் தேவைப்படாதும்மான்னு வெச்சுட்டாரு. எனக்கு அப்பலேர்ந்து மனசே சரியில்லக்கா."

ரோடு தாண்டணுமா என்ற கேள்வியை இந்த உலகத்தில் கேட்கக்கூடியவர்கள் இரண்டே பேர். அவர் கைபேசி அணைந்து கிடந்தது. வீட்டு எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆளில்லாத வீட்டில் அந்த மணி அறை அறையாகப் போய்த் தேடுவது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு நேர் எதிரே, ரயிலடி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அவர். இவ்வளவு நேரமும் அவள் அவரைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தாள், அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பை இல்லை.

செருப்பை மாட்டக்கூட நிற்காமல் ஓடினாள். வண்டி நகரும்போது ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திரும்பவில்லை. பக்கத்தில் வந்தது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. புடவை உரசியதும் காலை மட்டும் ஒதுக்கிக்கொண்டார்.

"தாராளமா உக்காருங்கம்மா, இடம் இருக்கு" என்றார், யாரோ ஓர் அந்நியப் பெண்ணிடம் சொல்வது போல.

கூட வாழ்ந்த மனிதர் தன்னைப் பார்க்காமலே விடைபெற்றுக்கொண்டு போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தான்தான் என்று சொல்லாமல், அவரைப் போலவே நேராகப் பார்த்து உட்கார்ந்தாள்.

நடத்துநர் வந்தார். "அட, விசாரணையக்கா! நீங்க எங்க இந்தப் பக்கம்?"

பக்கத்தில் கணவரின் உடம்பு விறைத்ததை அவள் தோளால் உணர்ந்தாள்.

"எனக்கும் ஒரு டிக்கெட் குடுப்பா" என்றாள். "இவர் எங்க இறங்கறாரோ, அங்க."

வண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்து பெரிய சாலையில் ஏறியது. அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே கேட்டார்.

"நீ கூட வந்தா நான் எப்படிம்மா போறது?"

"அதுக்குத்தான் வர்றேன்."