கோட்டுப் பைக்குள் ஒரு கை

போன கிழமை சந்தையடியில் எண்ணெயில் பொரித்த வாய்ப்பன் வாங்கினேன். சுற்றித் தந்த இங்கிலீஷ் பேப்பரில் எனக்குத் தெரிந்த ஒரு மனுசன் இருந்தார். தொங்கிய கன்னம், பிதுங்கிய கண், அழைக்காத விருந்துக்கு வந்து மாட்டிக்கொண்டவரைப் போல ஒரு முழி. எண்ணெய் ஊறியதில் நெற்றி மட்டும் கண்ணாடியாகி, மறுபக்கத்து எழுத்துகள் அதற்குள்ளே தெரிந்தன.

“இந்த ஆள் எப்ப மௌத்தானார்?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“எந்த ஆள்? வாய்ப்பனத் திண்டாப் பேப்பர வீசிட்டுப் போ. ஒனக்கு அதையும் வாசிக்கணுமா?”

என் இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, இருவருமே அதற்காக வருந்தவில்லை. ஆனாலும் ‘இறந்தார்’ என்பதற்கான சொல்லை எனக்கு வாசிக்கத் தெரியும். எங்கள் ஊருக்கு வருகிற தந்திகளில் பாதிக்கு மேல் அந்தச் சொல்தான்.

வாய்ப்பன் எண்ணெய் மணத்துக்கும் அந்த மனுசனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கடற்கரைப் பக்கம் இருந்த படக் கொட்டகையின் வாசலில் ஒரு கிழவி வாய்ப்பன் சுடுவாள். புகை தென்னோலைக் கிடுகு வேலிக்குள்ளால் நேரே உள்ளே வரும். படத்தில் துரைமார் சுருட்டுப் பிடித்தாலும் எங்களுக்கு வாய்ப்பன்தான் மணக்கும். இன்றைக்கும் நினைப்பில் லண்டன் என்றால் எனக்கு அந்த மணம்தான்.

இங்கிலீஷ் படம் வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை முடிந்த பிறகு. அன்றைக்கு வலை கடலுக்குப் போகாது. ஆண்களுக்கு வேறு வேலையும் இராது. பட்டப்பகலில் கொட்டகையை இருட்டாக்கக் கறுப்புத் துணி கட்டுவார்கள். அப்படியும் கிடுகு ஓட்டைகளால் வெயில் புள்ளி புள்ளியாகத் திரையில் விழும். படத்தில் வந்த அழகிகள் எல்லோருக்கும் அம்மை போட்டிருந்தது.

எனக்கு அங்கே வேலை, படத்துக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொல்வது. முதலாளி என்னை எடுத்த விதம் இதுதான்.

“ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“ஓம்.”

“எங்க, கொஞ்சம் கதைச்சிக் காட்டு.”

“ஆரோட?”

சுற்றிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. வேலை கிடைத்துவிட்டது.

கதாநாயகர்கள் வாரத்துக்கு வாரம் மாறுவார்கள். இந்த மனுசன் மட்டும் மாறவே மாட்டார். ஒரு படத்தில் கதவு திறக்கிற வேலைக்காரன், இன்னொன்றில் நீதவான், பிறகு பாதிரியார், பொலிஸ்காரர், குடிகாரர். பேர் தெரியாது. பேர்கள் ஓடுகிற நேரத்தில் சனம் மணலில் இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அதனால் நாங்களே ‘முழியன் துரை’ என்று வைத்தோம். ஊரூராக ஓடித் தேய்ந்த படங்கள் கடைசியில் முன்பின்னாக எங்களிடம் வருவதால், அவருடைய வாழ்க்கை எங்களுக்குத் தலைகீழாகத்தான் கிடைத்தது. முதலில் நரைத்த தலையோடு செத்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கறுத்த முடியோடு சிரித்துக்கொண்டு வந்தார். “என்ன மருந்து குடிக்கிறானாம், கேட்டுச் சொல்லு” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்.

எந்த வேசத்திலும் மாறாதது ஒன்று இருந்தது. இடது கை எப்போதும் கோட்டுப் பைக்குள்ளே இருக்கும். பைக்குள் துவக்கு, இப்போது சுடுவார் என்பேன் ஒரு வாரம். காதலியின் படம் என்பேன் மறுவாரம்.

இந்த முகத்தின் இன்னொரு பிரதி எங்கள் ஊரிலேயே இருந்தது. மருதமுனைத் தறியில் நெய்த, இடுப்பில் கட்டும் சாறன்களைச் சைக்கிளில் கட்டி விற்கிற, ஊருக்கே அண்ணன் முறையான மீராலெப்பைக் காக்கா. அதே கன்னம், அதே முழி. படம் முடிந்து சனம் வெளியே வரும்போது அவர் சைக்கிளில் எதிர்ப்பட்டால், சிலர் திரும்பித் திரையைப் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். வீட்டையும் அவர்களே கொடுப்பதால், அதற்குள் வரப்போகிற முகத்தை நன்றாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மீரா காக்காவைக் கேட்டு ஒரு வீட்டிலிருந்து வந்தார்கள். எல்லாம் பேசி முடிகிற நேரம், பெண்ணின் தாய்மாமன் ஆதம்பாவா வெள்ளிக்கிழமைப் படத்துக்கு வந்தார். கரைவலைக்காரர், இரண்டு தோணிக்குச் சொந்தக்காரர். அவர் சொல்லைத் தாண்டி அந்தக் குடும்பத்தில் ஒரு கோழியும் முட்டையிடாது. அன்றைக்குப் பார்த்து முழியன் துரை பெண்சாதியின் பாலில் நஞ்சு கலந்தார். வலது கையால் கலக்கினார். இடது கை பைக்குள்ளே.

மறுநாள் கலியாணப் பேச்சு நின்றுவிட்டது.

“மாமா, அது நடிப்பு” என்றேன் நான்.

“நடிப்பெண்டு எனக்கும் தெரியும் மகன். வெள்ளக்காரன்ட ஊர்ல மொகத்துக்குப் பஞ்சமா? நஞ்சு வெக்கிறத்துக்கு அந்த மொகத்த ஏன் தேடி எடுத்தான்? அதோட அந்தக் கை. கைய ஒளிக்கிற மனுசன நான் தோணியில ஏத்தமாட்டன். வீட்டுல ஏத்துவனா?”

என் மறுபேச்சுக்கு நிற்காமல் கடற்கரைக்குப் போய்விட்டார். சனத்துக்கு முன்னால் நின்று பிழைக்கிற ஒருவனுக்கு அது பெரிய அவமானம்.

அன்று பின்னேரம் மீரா காக்கா வந்து சைக்கிளை என் வீட்டு வேலியில் சாய்த்தார்.

“டேய் தம்பி, நோன்புக்கு முதல் வேற மாப்புள பாக்கப் போறாங்களாம்.”

“ஊர்ல வேற பொண்ணில்லையா காக்கா?”

“மத்தவளுகள் என்ட மொகத்தக் கண்டாச் சிரிச்சிட்டு உள்ளுக்கு ஓடுறாளுகள். அந்தப் புள்ள மட்டுந்தான் வாப்பாக்குச் சாறன் எடுக்கக்குள்ள நிமிந்து பாத்து, ‘வெயிலுக்க வந்தீங்களா, தண்ணி தரட்டா’ எண்டு கேட்டது. நீ அங்க நிண்டு சும்மா புளுகுறதானே? ஒரு வெள்ளிக்கிழம எனக்காகப் புளுகன்டா. நல்ல சாறன் ஒண்டு தாறன்.”

அடுத்த வெள்ளி முழியன் துரை வேலைக்காரராக வந்தார். எசமானின் வெள்ளிக் கரண்டிகளை ஒற்றைக் கையாலேயே ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து ஒரு சாக்குப் பைக்குள் போட்டார்.

“ஏழைகளுக்குக் குடுக்கப் போறார்!” என்று கத்தினேன்.

அவர் கொண்டுபோய்க் கடையில் விற்றார்.

“வித்துக் காசாக் குடுக்கப் போறார்!”

அவர் சாராயக் கடைக்குள் நுழைந்தார். சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. முன் வாங்குப் பலகையிலிருந்து ஆதம்பாவா மாமாவின் குரல் வந்தது.

“மகன், ஏழையக் காணல்ல. நீ கொஞ்சம் தள்ளி நில்லு, ஒனக்குப் பின்னால நிக்கிறானோ தெரியா.”

நான் தள்ளி நின்று பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை.

அதற்கடுத்த வாரம் வந்தது ஒரு யுத்தப் படம். அதில் அவர் சிறிய ஊர் ஒன்றின் ஸ்டேசன் மாஸ்டர். அரை மணித்தியாலமாகக் கொடியைக் காட்டியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஒரு ரயில் வந்து நின்றது. இரண்டு பேர் யுத்தத்தில் செத்த ஒருவனின் மையித்தைத் தூக்கி வந்து அவருக்கு முன்னால் வைத்தார்கள். அவருடைய மகன், பட்டாளக்காரன். அழப்போகிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அழவில்லை. மகனின் சட்டையில் ஒரு பொத்தான் கழன்றிருந்தது. குனிந்து ஒரு கையால் அதைப் போடப் பார்த்தார். முடியவில்லை. திரும்பவும் பார்த்தார். பிறகு இடது கையைப் பையிலிருந்து மெல்ல வெளியே எடுத்தார். அதில் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் இருந்தன. மற்ற இடம் தழும்பு. இரண்டு கையாலும் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

என் வாய் திறந்தபடியே இருந்தது. வெளியே மின்சார எஞ்சின் அடித்துக்கொண்டிருந்தது. கிழவியின் எண்ணெய் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

படம் முடிந்ததும் ஆதம்பாவா மாமா எழும்பினார்.

“அந்தக் கை நடிப்பில்ல” என்றார். “அந்த மனுசன் ஒளிச்சது காயத்த, களவ இல்ல. எங்க மீராலெப்ப?”

மீரா காக்கா பின்னால் மணலில் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். சனமே அவரைப் பிடித்து எழுப்பியது.

“கையக் காட்டு.”

இரண்டையும் நீட்டினார். விரலெல்லாம் நீலமும் சிவப்பும் ஊறியிருந்தன. மாமா புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“ம். சாறன் சாயம்தான். நாளப் பாருங்க.”

கலியாணம் நடந்தது. அந்தச் சாறன் எனக்குக் கிடைக்கவில்லை. “நீ என்னத்தச் சொன்ன? அண்டைக்கு வாயப் பொளந்துக்கிட்டுத்தானே நிண்ட?” என்று மீரா காக்கா கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் நெல் மூட்டை அடுக்குகிறார்கள். படம் ஓடுவது ஓட்டுக்கூரை போட்ட புது மண்டபத்தில். ஓட்டையும் இல்லை, வெயிலும் விழாது. தமிழ்ப் படம்தான் ஓடுகிறது, அதைத் தமிழில் விளங்கப்படுத்த ஆள் தேவையில்லை. கிழவியும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் நான் நித்திரை கொள்கிறேன்.

எண்ணெய்ப் பேப்பரைத் தபால் கந்தோரில் பாண்டிருப்பிலிருந்து வருகிற கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்து வாசிப்பித்தேன். முழியன் துரை சின்ன வயதில் வங்கியில் வேலை பார்த்தவராம். முதல் யுத்தத்தில் விரல்கள் போனதாம். பிறகு நாடகம், பிறகு படம். ஒன்றிலும் கதாநாயகனாக நடிக்கவில்லையாம். நான் நேரே மீரா காக்கா வீட்டுக்குப் போனேன். மாமனார் வீட்டு முற்றத்தில் சைக்கிளில் சாறன் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னதையெல்லாம் கேட்டார்.

“பொஞ்சாதி புள்ளகள் இருந்தாங்களாமா?”

“அந்த இடத்துலதான் கிழிஞ்சிருக்கு காக்கா.”

படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப இந்த மொகத்தோட இனி நான் மட்டுந்தானா?”

அவர் பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வைத்த இடது கையை எடுக்க மறந்து, ஒரு கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நல்ல வேளையாக, ஆதம்பாவா மாமா அன்றைக்குக் கடற்கரையில் இருந்தார்.